பேலியகொடைப் பிராந்தும் பொல்கொடைக் கழுகும்

கொழும்பில் கழுகு பார்க்க ஆசைப்படுகிறவர் முதலில் மீன் வாடையோடு ஒரு சமாதானத்துக்கு வந்துவிட வேண்டும். மலையும் வேண்டாம், காடும் வேண்டாம். பேலியகொடை மீன் சந்தைக்குப் பின்பக்கமாக, வெயில் கொஞ்சம் ஏறினபிறகு அண்ணாந்து பார்த்தால் போதும்.

எனக்கு வேலை பேலியகொடையில். ஒரு களஞ்சியத்தில் கணக்கு எழுதுகிறேன். வெள்ளவத்தையில் பஸ் ஏறி, புறக்கோட்டையில் மாறி, களனிப் பாலம் கடந்து இறங்குவது. இந்த ஊரைத் தெரியாதவர்களுக்குச் சொல்வதானால், கொழும்பை விட்டு வடக்கே போகிற எவரும் இதை மிதிக்காமல் போக முடியாது. கண்டிக்குப் போகிற வீதியும் புத்தளத்துக்குப் போகிற வீதியும் பிரிவது இங்கே. கட்டுநாயக்க அதிவேகப் பாதை தொடங்குவதும் இங்கே. லொறி, கொன்டெய்னர், தூசி, ஹோர்ன் சத்தம். புறக்கோட்டை செயின்ட் ஜோன்ஸ் மீன் சந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து இங்கே வைத்தார்கள். 2020 ஒக்டோபரில் கொரோனாவின் பேலியகொடைக் கொத்தணி என்று நாடு முழுக்க ஊரின் பெயர் நாறியது. அந்த வருடக் கடைசியிலேயே மெனிங் மரக்கறிச் சந்தையும் வந்து சேர்ந்தது. இயற்கை அழகு என்று யாரும் இந்த ஊரைப் பற்றிக் கதைத்து நான் கேட்டதில்லை.

கனடாவில் இருக்கிற சித்தப்பாவின் மகன் ஒவ்வொரு கோடையிலும் ஒன்ராறியோவில் ஏதாவது ஓர் ஏரிக்கரையில் மரவீடு வாடகைக்கு எடுத்துக் குடும்பத்தோடு போய் நிற்பான். கொட்டேஜ் என்பார்கள். அங்கிருந்து ஒரு வீடியோ அனுப்பினான். கண்ணாடி மாதிரித் தண்ணீர், கரையெல்லாம் பைன் மரம், ஒரு மொட்டைக் கிளையில் வெண்தலைக் கழுகு. அமெரிக்கக் காசில் இருக்கிறதே, அது. கீழே அவனுடைய குரல்: "அண்ணா, உங்க இப்பிடி ஒண்டும் பாக்கேலாதென்ன?"

பதிலுக்கு நான் சந்தைக்கு மேலே பிராந்து வட்டமடிக்கிற வீடியோவை அனுப்பினேன். பின்னணியில் நாட்டாமி ஒருவர் லொறிக்காரரை ஏசுகிறதும் சேர்ந்து பதிவாகியிருந்தது. "இது பிராந்துதானே அண்ணா" என்று எழுதி ஒரு சிரிப்பையும் போட்டிருந்தான்.

பிராந்துதான். அதில் என்ன குறைச்சல் என்றுதான் இவ்வளவு எழுதுகிறேன்.

புத்தகத்தில் செம்பருந்து என்று இருக்கும். தலையும் நெஞ்சும் பளிச்சென்று வெள்ளை, மற்றதெல்லாம் காவி கலந்த சிவப்பு, சிறகு நுனி கறுப்பு. விரித்தால் நாலடிக்குக் கிட்ட வரும். வால் நுனி உருண்டை. இதைக் கவனித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் சென்னைக்காரர்கள் அன்றாடம் பார்க்கிற கரும்பருந்தின் வால் நடுவில் வெட்டுப்பட்டிருக்கும். அந்தக் கரும்பருந்து இலங்கையில் வடக்குக் கரையோரத்துப் பறவை. யாழ்ப்பாணம், மன்னார்ப் பக்கம் தாராளம், கொழும்பில் காண்பது அபூர்வம். பிணந்தின்னிக் கழுகோ இந்தத் தீவிலேயே குடியில்லை. ஆகையால் கொழும்பின் துப்புரவு வேலையைக் காகமும் செம்பருந்தும் தங்களுக்குள் பிரித்து எடுத்துக்கொண்டிருக்கின்றன.

சந்தையின் நாள் நடுச்சாமத்துக்குப் பிறகுதான் தொடங்குகிறது. திருகோணமலை, மன்னார், கல்முனை, பேருவளை, நீர்கொழும்பு என்று கூலர் லொறிகள் வந்து நிற்கும். கெலவல்லா, தலபத், அறக்குளா, சாளை எல்லாம் பெட்டி பெட்டியாக இறங்கும். விடியப்புறம் ஏலச் சத்தம் காதைக் கிழிக்கும். நான் வேலைக்கு வரும் நேரத்தில் மொத்த வியாபாரம் அடங்கி, வெட்டுகிற மேசைகளுக்குக் கீழே செவுளும் குடலும் தலையும் குவிந்திருக்கும். காகம் இருட்டோடேயே வந்துவிடும். பிராந்து வராது. அருகிலுள்ள விளக்குக் கம்பத்திலோ கூரை விளிம்பிலோ இருந்து இறகு கோதிக்கொண்டிருக்கும். சோம்பல் என்று நினைக்கக்கூடாது. அகலச் சிறகுக்காரனுக்குச் சிறகடித்துப் பறப்பது பெரிய செலவு. வெயில் ஏறி, தகரக் கூரைகளும் தார் வீதியும் சூடாகி, அந்தச் சூட்டுக் காற்று மேலே எழும்பும்வரை காத்திருந்தால் சிறகை அசைக்காமலேயே ஏறிவிடலாம். இந்த விஷயத்தில் பேலியகொடையை அடிக்க ஏரிக்கரை எதுவும் கிடையாது. இங்கே தகரத்துக்கும் தாருக்கும் என்ன பஞ்சம்?

எட்டு மணி தாண்டினதும் ஒன்று ஏறும். பிறகு மூன்று, பிறகு எண்ண முடியாது. வட்டமடிக்கிற ஒன்று திடீரென்று சிறகை மடக்கிச் சாய்ந்து, மேசைக்கும் லொறிக்கும் நடுவில் இருக்கிற இடுக்கால் வந்து, காலை மட்டும் நீட்டிக் குடல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போகும். நிலத்தில் கால் படாது. போகிற போக்கிலேயே தலையைக் குனிந்து காலில் இருக்கிறதைக் கொத்தித் தின்னும். பறந்தபடி சாப்பாட்டை முடிக்கிற இந்தப் பழக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. ஓரிடத்தில் உட்கார்ந்தால் காகங்கள் சூழ்ந்துவிடும். மூன்று காகம் சேர்ந்து ஒரு பிராந்தின் வாலைப் பிடித்து இழுக்கிறதைப் பார்த்திருக்கிறேன். கம்பீரம் எல்லாம் அந்த நேரத்தில் எங்கே போனதென்று தெரியாது.

மேசையில் மீன் வெட்டுகிற ஒருவர் கொட்டாஞ்சேனைக்காரர். வாங்குகிறேனோ இல்லையோ, கண்டால் கதைப்பார். "காகம் கண்டதையும் தூக்கும் தம்பி. இது பாத்துப் பாத்துத்தான் வரும். என்ர கத்தி எப்ப கீழ வைக்கிறன் எண்டு அதுக்குத் தெரியும்" என்றார். அவர் கத்தியைக் கழுவ வாளிப்பக்கம் திரும்பின கணத்தில்தான் ஒன்று வந்துபோனது. அவருக்குக் கோபம் இல்லை. கோபம் எல்லாம் பூனைகள் மேல்தான்.

வருடத்தில் சில மாதங்கள் மண்ணிறத்தில் கோடு கோடாகச் சில பிராந்துகள் தெரியும். வேறு இனமோ என்று குழம்பவேண்டாம், குஞ்சுகள். வெள்ளைத் தலை பிறகுதான் வரும். இந்த இளசுகள் உயரத்திலிருந்து இலையைப் போட்டுவிட்டு, கீழே பாய்ந்து அதையே மறுபடி பிடித்து விளையாடும் என்று பறவை நூல்களில் இருக்கிறது. எங்கள் களஞ்சிய மொட்டைமாடிக்கு மேலே ஒன்று சொப்பிங் பேக் துண்டை வைத்து இதே விளையாட்டை விளையாடினது. தேத்தண்ணி நேரம் முடிந்து போனது தெரியாமல் நாங்கள் நாலைந்து பேர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அம்மாவுக்கு இது கருடன். கொட்டாஞ்சேனையில் இருந்த காலத்தில் மாடியில் உடுப்புக் காயப்போடும்போது ஒன்று வட்டமடித்தால், கையிலுள்ள கிளிப்பை வாயில் கவ்விக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொள்வார். கும்பாபிஷேகத்தில் கலசத்துக்கு மேலே கருடன் வட்டமிட்டால்தான் சனத்துக்கு மனம் நிறையும். ஒருநாள் அம்மாவிடம் சந்தைக் கதையைச் சொன்னேன். மீன் குடல் என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளித்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பெருமாளைத் தூக்கிக்கொண்டு பறக்கிறதெண்டா சும்மாவா, சாப்பிடத்தானே வேணும்" என்றார். இதற்குமேல் என்ன விளக்கம்?

சரி, இவ்வளவு பிராந்து இங்கே ஏன்? சந்தை ஒரு காரணம்தான். சந்தை வராத காலத்திலும் இவை இருந்தன. வரைபடத்தை எடுத்துப் பாருங்கள், பேலியகொடையைச் சுற்றித் தண்ணீர்தான். தெற்கே களனி கங்கை. மலைநாட்டில் தொடங்கி 145 கிலோமீற்றர் ஓடி வந்து, மட்டக்குளிக் காக்கைத்தீவுக்கும் வத்தளைக்கும் நடுவில் கடலில் விழுகிறது. வடக்கே முத்துராஜவெல சதுப்பு. அதையும் நீர்கொழும்புக் களப்பையும் ஒன்றாகச் சேர்த்தால் 6,000 ஹெக்டெயருக்கு மேல். இரண்டையும் இணைத்து ஹமில்டன் கால்வாய், ஆங்கிலேயர் வந்த கையோடு 1802இல் வெட்டத் தொடங்கினது. கண்டல் மரம், தென்னை, சேறு, களப்பு மீன், இறால். ஒரு பிராந்துக்கு இரவு தங்க உயர்ந்த மரமும் பகலில் சாப்பாடும் பக்கத்தில் பக்கத்தில் கிடைக்கிற இடம் இது. காலையில் சந்தைக்கு வந்து பின்னேரம் கண்டலுக்குத் திரும்புகிற அந்தக் கூட்டத்துக்கும், காலையில் பேலியகொடைக்கு வந்து பின்னேரம் வெள்ளவத்தைக்குத் திரும்புகிற எனக்கும் பெரிய வித்தியாசமில்லை. அதற்கு பஸ் நெரிசல் மட்டும் கிடையாது.

கண் விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் சரியில்லை. பேலியகொடைக்குப் பக்கத்து ஊர் களனி. அங்குள்ள விகாரையில் விபீஷணனுக்குத் தனிச் சந்நிதி இருக்கிறது. இராமாயணக் கதையில் சீதை இலங்கையில் இருக்கிறாள் என்பதை அக்கரையில் இருந்தே கண்டு சொன்னது யார்? சிறகு கருகி மலையில் கிடந்த சம்பாதி. கதை கட்டினவர் பருந்து கழுகுகளைக் கவனித்துப் பார்த்திருக்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது. நம்முடைய கண்ணில் கூர்மையாகப் பார்க்கும் குழி ஒன்றுதான். இந்தப் பறவைகளுக்கு ஒவ்வொரு கண்ணிலும் இரண்டு. ஒன்று பக்கவாட்டில் தூரத்தைப் பார்க்க, மற்றது முன்னால் இரையைக் குறிவைக்க. வெட்டுகிறவர் கத்தியைக் கீழே வைத்ததை இருநூறு அடி உயரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது இந்தக் கண்தான்.

இனிக் கழுகுக்கு வருவோம். தம்பியின் வீடியோ என் மகளைப் பிடித்துக்கொண்டுவிட்டது. "அப்பா, எங்களுக்கும் தண்ணிக்குப் பக்கத்தில வீடு" என்று ஒரே கரைச்சல். ஒன்ராறியோ முடியாது, பொல்கொடை முடியும். மொரட்டுவைக்கும் பாணந்துறைக்கும் பிலியந்தலைக்கும் நடுவில் கிடக்கிற பெரிய நீர்நிலை அது, பாணந்துறையில் கடலோடு கலக்கிறது. கரையில் பணக்காரர்களின் வார இறுதி வீடுகள், கலியாண மண்டபங்கள், நடுவில் எங்களைப் போன்றவர்களுக்குச் சில கபானாக்கள். பலகைச் சுவர், நுளம்பு வலை, தண்ணீருக்கு மேலே நீட்டின ஒரு சின்ன மேடை. அம்மா, மனைவி, மகள், நான். வெள்ளவத்தையிலிருந்து வான் பிடித்தால் காலி வீதி நெரிசலோடு சேர்த்தும் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் போய்விடலாம்.

முதல் நாள் பின்னேரம் மகாமோசம். அக்கரை மண்டபத்தில் கலியாணம், பைலாப் பாட்டு. இக்கரையில் ஸ்பீட் போட்டுகள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போயின. நீர்க்காகம், கொக்கு, மீன்கொத்தி எல்லாம் கண்டோம். கழுகு இல்லை. இரவு திலாப்பியாப் பொரியலும் தேங்காய்ச் சம்பலும் நல்லாயிருந்தது. அது ஒரு ஆறுதல்.

விடிய ஆறு மணிக்கு, பாட்டும் போட்டும் ஓய்ந்த நேரத்தில், முதலில் சத்தம்தான் வந்தது. வாத்து மாதிரி, மூக்கால், உரத்து, விட்டுவிட்டு. மகள் பக்கத்து வீட்டில் தாரா வளர்க்கிறார்கள் என்றாள். அக்கரையில் பட்டுப்போன ஒரு மரத்தின் உச்சியில் இரண்டு வெள்ளைப் பொட்டு. படகுக்காரர் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து, "ராஜாலியா" என்று சிங்களத்தில் ஒரே சொல்லில் முடித்துவிட்டுப் படகை அவிழ்த்தார்.

வெள்ளைவயிற்றுக் கடற்கழுகு. கடல் ஆலா என்றும் சொல்வதுண்டு. தலை, கழுத்து, வயிறு எல்லாம் சலவைக்குப் போட்டு எடுத்தது போல வெள்ளை. முதுகும் சிறகும் சாம்பல். சிறகு விரித்தால் ஆறடிக்குக் குறையாது, ஏழடியைத் தொடுவதும் உண்டு. தம்பியின் வெண்தலைக் கழுகுக்கும் கிட்டத்தட்ட அதே அளவுதான், எடையில் மட்டும் அவனுடையது கூட. இரண்டும் நெருங்கிய உறவு, ஒரே வகை மீன்பிடிக் கழுகுக் குடும்பம். நம்முடைய பிராந்தும் அந்தக் குடும்பத்துக்கு அவ்வளவு தூரத்துச் சொந்தமில்லை. பெண்தான் பெரியது. சோடி சேர்ந்தால் பெரும்பாலும் ஆயுளுக்கும் ஒரே சோடி, ஒரே கூட்டையே வருடா வருடம் சுள்ளி அடுக்கிப் பெருப்பிக்கும். வழக்கமாக இரண்டு முட்டை, தப்பிப் பிழைப்பது பெரும்பாலும் ஒரு குஞ்சு. அந்தக் குஞ்சுக்கு இந்த வெள்ளை உடுப்பு முழுசாகக் கிடைக்க நாலைந்து வருடம் ஆகும்.

கடற்கழுகு காற்றில் மிதக்கும்போது சிறகு இரண்டையும் மேல்நோக்கித் தூக்கி வைத்திருக்கும் விதத்தைப் பார்த்தாலே தூரத்திலிருந்து கண்டுபிடித்துவிடலாம். பிராந்து சிறகைத் தட்டையாகப் பிடிக்கும். இதைப் படகுக்காரர் தன் இரண்டு கையையும் நீட்டிக் காட்டித்தந்தார். துடுப்பு நழுவித் தண்ணீரில் விழப்பார்த்தது.

மரத்திலிருந்து ஒன்று இறங்கினது. உயரத்திலிருந்து குத்திட்டு விழும் என்று எதிர்பார்த்தேன். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வருகிற விராலடிப்பான் அப்படித்தான் தொப்பென்று தண்ணீருக்குள் விழுந்து எழும்பும். இது அப்படியில்லை. நீர்மட்டத்தோடு சரிவாக வந்து, கடைசி நேரத்தில் காலை முன்னால் எறிந்து, கொஞ்சம் தண்ணீர் தெறிக்க, போய்விட்டது. காலில் என்னமோ துடித்தது. இறகு நனைந்ததாகவே தெரியவில்லை. சத்தியமாக, சந்தையில் குடல் தூக்குகிற அதே அசைவு. பெரிதாக, நிதானமாக, சனமில்லாத இடத்தில். அவ்வளவுதான் வித்தியாசம்.

மகள் போனில் எடுத்தாள். வெள்ளைப் புள்ளியொன்றும் அம்மாவின் சேலைத் தலைப்பும் வந்திருந்தன.

கூடு எங்கே என்று கேட்டேன். படகுக்காரர் சிரித்துக்கொண்டு, அரைத் தமிழில், "தெரியும் மாத்தயா. காட்ட மாட்டேன்" என்றார். முன்பு காட்டியிருக்கிறார். ட்ரோன் கொண்டு வந்தார்களாம். கூட்டுக்கு மேலே அது இரைந்துகொண்டு நின்றதில் அந்தச் சோடி அந்த வருடம் அங்கே குஞ்சு பொரிக்கவில்லையாம். அடைகாக்கும் காலத்தில் தொந்தரவு வந்தால் இந்த இனம் கூட்டைக் கைவிட்டுவிடும் என்பது ஆய்வாளர்களும் சொல்கிற விஷயம். அவர் அதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எனக்கு அந்த மனிதரை மிகவும் பிடித்துப்போனது. அம்மாவுக்கும்தான், இறங்கும்போது கையில் நூறு ரூபாய் கூட வைத்தார்.

அன்றிரவு நுளம்புத்திரிப் புகைக்கு நடுவில் இருந்து தம்பியோடு வீடியோவில் கதைத்தோம். அவனுடைய கழுகின் கதையை அவனே அறிந்திருக்கவில்லை. 1963இல், அலாஸ்காவையும் ஹவாயையும் விட்டுப் பார்த்தால் அமெரிக்கா முழுக்க 417 சோடி வெண்தலைக் கழுகுதான் கூடு கட்டினது. சுட்டது ஒரு காரணம், பெரிய காரணம் டிடிடி. வயலுக்கும் காட்டுக்கும் அடித்த மருந்து ஓடையில் இறங்கி, புழுவில் ஏறி, மீனில் ஏறி, மீன் தின்கிற கழுகில் வந்து தேங்கியது. கழுகு சாகவில்லை. முட்டையோட்டுக்குச் சுண்ணாம்பு சேரவில்லை. அடைகாக்க உட்கார்ந்த தாயின் பாரத்திலேயே முட்டை நொறுங்கியது. ரேச்சல் கார்சன் 1962இல் எழுதின 'சைலன்ட் ஸ்பிரிங்' புத்தகம் கிளப்பின சண்டையின் முடிவில் 1972இல் அங்கே டிடிடியைத் தடைசெய்தார்கள். 2007இல் அழியும் உயிரினப் பட்டியலிலிருந்து கழுகை எடுத்தார்கள். 2019இன் கணக்கில் 71,000 சோடிக்கு மேல்.

இந்த டிடிடி நமக்கு வேறு முகம் காட்டின மருந்து. 1946 முதல் இலங்கையில் வீடு வீடாக அடித்தார்கள். இலட்சக்கணக்கில் இருந்த மலேரியா 1963இல் வெறும் 17 பேரில் வந்து நின்றது. முடிந்ததென்று அடிப்பதை விட்டார்கள், 1968இல் திரும்பி வந்து நாட்டைப் புரட்டியெடுத்தது. பிறகும் பல வருடம் போராடி 2016இல்தான் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது. அம்மாவுக்கு அந்த வெள்ளைப் பவுடரின் மணம் இன்னும் நினைவிருக்கிறது. கழுகை அழித்த விஷம் என்று மட்டும் அதைப் பற்றிக் கதைக்கிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. சுவரில் அடித்ததையும் ஆகாயத்திலிருந்து வயலில் கொட்டினதையும் பிரித்துத்தான் பார்க்கவேண்டும். 17 என்ற எண்ணும் 417 என்ற எண்ணும் ஒரே வருடத்துக் கணக்கு என்பது தற்செயல்தான். ஆனாலும் சும்மா விட்டுவிட மனம் வரவில்லை.

தம்பியிடம் இன்னொன்றும் சொன்னேன், கொஞ்சம் குத்தலாக. அவனுடைய ராஜகம்பீரக் கழுகைப் பெஞ்சமின் பிராங்க்ளினுக்கே பிடிக்காது. 1784இல் மகளுக்கு எழுதின கடிதத்தில், உழைத்துப் பிழைக்காத பறவை, விராலடிப்பான் பாடுபட்டுப் பிடித்த மீனைப் பறித்துத் தின்கிறது என்று ஏசியிருக்கிறார். உண்மைதான், பறிக்கும். செத்த மீனும் தின்னும், குப்பை மேட்டுக்கும் போகும். கடற்கழுகும் பறிக்கும், பிராந்தும் பறிக்கும். மீன்பிடிக் கழுகு என்றாலே பாதி வேட்டை, பாதி பொறுக்கல். பிராங்க்ளின் அதைக் குணக்கேடாகப் பார்த்தார். நான் பேலியகொடையில் வேலை செய்கிறவன். அகப்பட்டதைக் கொண்டு காலந்தள்ளுவது எனக்குக் குணக்கேடாகத் தெரியவில்லை. ஏரிக்கரைப் படத்தில் பைன் மரமும் கண்ணாடித் தண்ணீரும் சேர்ந்ததால் அது அரசன், தகரக் கூரையும் நாட்டாமியின் ஏச்சும் சேர்ந்ததால் இது 'பிராந்துதானே'. பறவைக்கு இந்த வித்தியாசம் எதுவும் தெரியாது. அதற்கு வேண்டியது மீன், உயர்ந்த மரம், கூட்டுக்கு மேலே ட்ரோன் பறக்காத நாலு மாதம்.

அவனும் சளைக்கவில்லை. 2024இல் ரொறன்ரோ நகரத்துக்குள்ளேயே வெண்தலைக் கழுகு கூடு கட்டியிருக்கிறது, பதிவுகளில் இதுதான் முதல் தடவை என்றான். எந்த இடமென்று அறிவிக்காமல் மறைத்து வைத்தார்களாம். பொல்கொடைப் படகுக்காரரும் அதைத்தான் செய்கிறார் என்றேன். அந்த ஒரு இடத்தில் அண்ணனும் தம்பியும் ஒத்துப்போனோம்.

கொழும்புக்கு 2018இல் ஈரநில நகரம் என்று ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. முதல் சுற்றில் தெரிவான 18 நகரங்களில் தலைநகரம் இது ஒன்றுதான். பெருமையான விஷயம். முத்துராஜவெலவின் ஒரு பகுதி 1996இலேயே சரணாலயமானது, அதுவும் நல்லது. ஆனால் பேலியகொடையிலிருந்து கட்டுநாயக்க வரை அதிவேகப் பாதையில் போய்ப் பாருங்கள். நாணல் நின்ற இடத்தில் மண் கொட்டியிருக்கும், அடுத்த முறை போகும்போது மதில் எழும்பியிருக்கும், அதற்கடுத்த முறை கூரை. சரணாலய எல்லைக்கு வெளியே இருப்பது வெறுங்காணி என்று நினைக்கிறவர்கள்தான் அதிகம். களனி பெருகும்போது அந்தத் தண்ணீரை வாங்கிவைக்கிற பாத்திரமும் இந்தச் சதுப்புதான். நிரப்பினவர் வீட்டுக்கு வெள்ளம் வராது, தாழ்வில் இருக்கிறவர் வீட்டுக்கு வரும்.

2021 மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். பமுனுகம, உஸ்வெட்டகெய்யாவக் கடற்கரைகளில் பிளாஸ்ரிக் மணி முழங்கால் கணக்கில் ஒதுங்கினது. கடலுக்குப் போக விடவில்லை. கடல் மீனென்றாலே சனம் பயந்தது, வாங்க ஆளில்லை. மீன் வெட்டுகிற அந்தக் கொட்டாஞ்சேனைக்காரர் அந்த நாட்களைப் பற்றிச் சொல்லும்போது தன் கடனைப் பற்றித்தான் முதலில் சொன்னார். பிறகு, "பிராந்தும் குறைஞ்சுதான் போச்சு தம்பி. குப்பை இல்லாட்டி அது ஏன் இங்க வருது" என்றார். எங்கே போயிருக்கும் என்று கேட்டேன். களப்புப் பக்கம் போயிருக்கும், களப்பில் எப்போதும் ஏதாவது இருக்கும் என்றார். சந்தை படுத்தால் போவதற்கு ஒரு களப்பு. அவருக்கு அப்படி ஒன்று இருக்கவில்லை, கொம்பனித்தெருவில் மூன்று மாதம் கட்டட வேலைக்குப் போயிருக்கிறார்.

பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு, எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன். வெள்ளவத்தையில் இருக்கிறவர்கள் எங்கேயும் போகவேண்டியதில்லை. கால்வாய் கடலில் விழுகிற இடத்துக்குப் பக்கத்து மாடிகளில் பின்னேரம் நாலு மணிக்கு மேல் நின்றால் பிராந்து தலைக்கு நேராகப் போகும், கண் மட்டத்திலும் போகும். கொட்டாஞ்சேனை, முகத்துவாரம் ஆட்களுக்குக் காக்கைத்தீவுக் கடற்கரை. களனி கடலில் சேரும் அந்த மூலையில் பிராந்தோடு கடற்கழுகும் எப்போதாவது தென்படும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் பட்டக்காரர்களின் நூல் ஆகாயம் முழுக்க இருக்கும், அன்றைக்குப் போகவேண்டாம். முத்துராஜவெலவுக்குப் பமுனுகமவுக்குப் பக்கத்தில் போபிட்டியவில் படகு எடுக்கலாம், கால்வாயால் களப்பு வரை கொண்டுபோவார்கள். விடியவே போங்கள், பத்து மணிக்குமேல் வெயில் மண்டையைப் பிளக்கும். தொப்பியும் தண்ணீரும் மறக்கவேண்டாம். பேலியகொடைச் சந்தைக்குப் போகிறவர்கள் பழைய செருப்புப் போட்டுக்கொண்டு போங்கள், நாட்டாமிமார் பெட்டியோடு வரும் வழியில் அண்ணாந்துகொண்டு நிற்காதீர்கள். அப்படி நின்றால் என்ன கிடைக்கும் என்பதைத் தம்பிக்கு அனுப்பின வீடியோவில் கேட்கலாம்.